மூடிய கதவின் வரலாறு

கதவு ஒன்று மூடப்பட்டிருந்தால், அதன் உள்ளே நிகழ்வது யாது என அறியும் விருப்பம் வெளியே நிற்பவருக்கு எழுதல் இயல்பு. உள்ளிருப்போர் வாய் திறவாதிருப்பின் அவ்விருப்பம் ஐயமாக மாறும். ஐயம் நெடுநாள் நீடித்தால் அதுவே கதையாகிவிடும். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பது நம்மவர் அனுபவத்திற் கண்ட உண்மை. இவ்வுண்மைக்கு உலக வரலாறு தரும் மிக நீண்ட எடுத்துக்காட்டு பிறீமேசன் சங்கத்தின் வரலாறாகும். தன் உறுப்பினருக்கு மட்டும் உரிய சடங்குகளையும் குறிகளையும் பேணிவரும் ஒரு தனியார் சகோதரச் சங்கம், பொதுமக்கள் முன்னிலையில் எவ்வளவு தூரம் தன்னைத் திறந்து காட்டவேண்டும் என்னும் வினா, மூன்று நூற்றாண்டுகளாக அச்சங்கத்தைத் தொடர்ந்து வருகின்றது. அவ்வினாவுக்குக் காலந்தோறும் அளிக்கப்பட்ட விடைகளையும் அவற்றின் விளைவுகளையும் ஒருங்கு வைத்து நோக்கினால், இவ்வொரு சங்கத்துக்கு அப்பாலும் பயன்படும் சில தெளிவுகள் பிறக்கும்.

இச்சங்கத்தின் வேர் கல்வேலைத் தொழிலாளரிடத்தே உளது. இடைக்கால இங்கிலாந்திலும் ஸ்கொத்லாந்திலும் பெருங்கோயில்களையும் கோட்டைகளையும் எழுப்பிய கற்கொத்தர், வேலைத்தலத்தின் அருகே தமக்கென அமைத்துக்கொண்ட கொட்டிலே 'லொட்ஜ்' எனப்பட்டது. ஊர் ஊராகச் சென்று வேலை செய்த கொத்தன் ஒருவன், தான் முறையாகத் தொழில் பயின்றவன் என்பதை அறியாத இடத்தில் எவ்வாறு மெய்ப்பிப்பான்? பதினேழாம் நூற்றாண்டு ஸ்கொத்லாந்திலே 'மேசன் சொல்' என வழங்கிய குறிச்சொல் அதற்குப் பயன்பட்டது. எனவே, தொடக்கத்தில் இரகசியம் என்பது ஒரு தொழிலாளியின் சான்றிதழ்; அவனது வயிற்றுப்பாட்டைக் காத்த வேலி. காலப்போக்கிற் கல்லைத் தொட்டறியாத கனவான்களும் இந்த லொட்ஜுகளிற் சேரலாயினர். பழம்பொருள் ஆராய்ச்சியாளரான இலையஸ் அஷ்மோல் என்பவர், 1646ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் வொறிங்டன் என்னும் ஊரில் தாம் பிறீமேசனாக்கப்பட்டதைத் தமது நாட்குறிப்பில் எழுதிவைத்துள்ளார். இவ்வாறு வந்தவர்களுக்குத் தொழிற்சான்று வேண்டியதில்லை. எனினும் குறிச்சொற்களும் கைக்குறிகளும் நிலைத்தன. பயன் கருதித் தோன்றிய இரகசியம், பிற்காலத்திற் சடங்கின் ஓர் அங்கமாயிற்று.

1717ஆம் ஆண்டு யூன் மாதம் 24ஆம் நாள், இலண்டனில் உள்ள நான்கு லொட்ஜுகள் புனித பவுல் தேவாலயத்தின் அருகிலிருந்த மதுச்சாலை ஒன்றிற் கூடி, கிராண்ட் லொட்ஜ் என்னும் தலைமைச் சபையை நிறுவின என்பது மரபுவழி வந்த வரலாறு. இச்செய்தியை விரித்துக் கூறும் நூல் 1738இலேயே அச்சாகியது. ஆதலால், தலைமைச் சபை உண்மையில் 1721ஆம் ஆண்டளவிலேயே உருவாயிற்று என இக்கால ஆராய்ச்சியாளர் சிலர் வாதிக்கின்றனர். எழுதிவைக்கத் தயங்கும் சங்கம் தன் பிறந்தநாளையே பிறர் ஐயுற இடம் வைத்துவிடுகின்றது.

எனினும், அக்காலத்துப் பிறீமேசன்மார் முற்றாக மறைந்து வாழ்ந்தோர் அல்லர். ஸ்கொத்லாந்துப் போதகரான ஜேம்ஸ் அண்டர்சன் தொகுத்த சங்க விதிகள் 1723இல் அச்சிடப்பட்டு வெளிவந்தன. கடவுளை நம்பும் எச்சமயத்தவரும் ஒரே கூரையின்கீழ் அமரலாம். லொட்ஜினுள்ளே சமயச் சண்டையும் அரசியற் சச்சரவும் ஆகா என்பன அவ்விதிகளின் சாரம். உள்நாட்டுப் போரையும் சமயப் பகையையும் அண்மையிற் கண்டிருந்த நாட்டிற்கு இஃது அரிய கொள்கையே. 1734இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பெஞ்சமின் பிராங்ளின் இந்நூலை மறுபதிப்புச் செய்தார். பிறீமேசன்மார் ஆண்டு விழாவிற்குத் தமக்குரிய முன்றானை அணிந்து ஊர்வலமாகச் சென்றனர்; அவர்தம் கூட்டங்களைப் பத்திரிகைகள் அறிவித்தன. ஆகவே, சங்கம் உண்டு என்பதோ, அதில் இன்னார் உளர் என்பதோ இரகசியமாக இருக்கவில்லை. சடங்கும் குறிகளுமே மறைக்கப்பட்டன.

அம்மறைவும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1730ஆம் ஆண்டில் சாமுவேல் பிறிச்சாட் என்பவர், மூன்று படிநிலைகளுக்கும் உரிய சடங்குகளை வினாவிடையாக அச்சிட்டு வெளியிட்டார். அச்சிறு நூல் உடனேயே பல பதிப்புகளைக் கண்டது. தலைமைச் சபையோ, அந்நியர் உட்புகுவதைத் தடுக்கும் பொருட்டுக் குறிச்சொற்கள் சிலவற்றை இடம் மாற்றி அமைத்தது. இதன் விளைவு எதிர்பாராதது. பழைய வழக்கைக் கைவிட்டனர் என்பதை ஒரு குற்றச்சாட்டாகக் கூறி, 1751இல் மற்றொரு சாரார் தமக்கெனப் போட்டித் தலைமைச் சபை ஒன்றை அமைத்தனர். அப்பிளவு 1813ஆம் ஆண்டு வரை தீரவில்லை. வெளியார் ஏளனமும் மற்றொரு புறம் இருந்தது. 1740களில் இலண்டன் வீதிகளிலே, கழுதை வண்டிகளும் கந்தலாடையுமாகப் பிறீமேசன் ஊர்வலத்தைக் கேலிசெய்யும் போலி ஊர்வலங்கள் நடந்தன. 1747இல் தலைமைச் சபை தன் ஊர்வலத்தையே நிறுத்திவிட்டது. நகைப்புக்கு அஞ்சிக் கதவைச் சற்றே சாத்திக்கொண்ட முதல் நிகழ்ச்சி இது எனலாம்.

நகைப்பினும் கொடியது ஐயம். 1738இற் பாப்பரசர் பன்னிரண்டாம் கிளெமென்ற், கத்தோலிக்கர் இச்சங்கத்திற் சேர்தலாகாது எனத் தடைவிதித்தார். அவர் காட்டிய காரணங்களுள் முக்கியமானது சங்கத்தின் இரகசியமேயாகும். தீமை புரியாதவர் வெளிச்சத்தை இவ்வளவு வெறுக்கமாட்டார் என்பது அத்தடையில் அடங்கிய வாதம். மறைப்பதே குற்றத்துக்குச் சான்று என்னும் இந்நெறி பின்வந்த பலராலும் கையாளப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின்னர், 1797இல், அப்புரட்சியே இரகசியச் சங்கங்களின் சூழ்ச்சி என நிறுவ முயன்ற நூல்கள் பிரான்சு நாட்டுப் பாதிரியாரான பருவேல் என்பவராலும் ஸ்கொத்லாந்துப் பேராசிரியரான ஜோன் றொபிசன் என்பவராலும் வெளியிடப்பட்டன. அச்சம் பரவியது. 1799இற் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டவிரோதச் சங்கங்கள் பற்றிய சட்டத்தை இயற்றி, இரகசியச் சத்தியம் செய்யும் சங்கங்களைத் தடைசெய்தது. பிறீமேசன் லொட்ஜுகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. ஆயின், ஆண்டுதோறும் தம் உறுப்பினரின் பெயர்ப் பட்டியலை அரச அலுவலரிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. இந்நிபந்தனை 1967ஆம் ஆண்டில் அச்சட்டம் நீக்கப்படும் வரை நடைமுறையில் இருந்தது. இரகசியச் சங்கம் என உலகம் பேசிய சங்கத்தின் பெயர்ப்பட்டியல், 168 ஆண்டுகளாக இங்கிலாந்தின் அரச அலுவலகங்களிற் கிடந்தது என்பதைப் பலர் அறியார்.

மூடிய கதவு எவ்வளவு பெரிய கேட்டினை விளைக்கலாம் என்பதற்கு அமெரிக்க வரலாறு சான்று பகர்கின்றது. அந்நாட்டிலே பிறீமேசன் சங்கம் தொடக்கத்திற் பெருமதிப்புப் பெற்றிருந்தது. 1793 செப்டெம்பர் 18ஆம் நாள் நாட்டின் சட்டமன்ற மாளிகைக்கு அடிக்கல் நாட்டிய ஜோர்ஜ் வாஷிங்டன், பிறீமேசன் முறைப்படியே அதனை நாட்டினார். ஆயின், 1826இல் நியூயோர்க் மாநிலத்துப் பற்றேவியா என்னும் ஊரில் வில்லியம் மோர்கன் என்பவர் சங்கத்தின் சடங்குகளை நூலாக வெளியிடப்போவதாக அறிவித்தார். சிறுகடன் ஒன்றின் பேரில் அவர் சிறையிடப்பட்டார். பின்னர் அக்கடனைச் செலுத்தி அவரை வெளியே கொணர்ந்தவர்கள், வண்டியில் ஏற்றிச் சென்றனர். நயாகரா ஆற்றங்கரைக் கோட்டை வரை அவர் கொண்டுசெல்லப்பட்டார் என்பது விசாரணையில் வெளியாயிற்று. அதன்பின் அவரைக் கண்டவர் இலர். கடத்தலிற் பங்குகொண்டோர் சிலருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. எனினும், நிகழ்ந்த குற்றத்திற்கு அது மிகச் சிறிது என மக்கள் கருதினர். வழக்கை நடத்திய அலுவலரிலும் ஜூரிமாரிலும் பிறீமேசன்மார் எத்தனை பேர் என்னும் கேள்வி எழுந்தது. அதற்கு நம்பத்தக்க விடை கூறுவார் ஒருவரும் இருக்கவில்லை.

இக்கேள்வியிலிருந்து ஓர் அரசியற் கட்சியே பிறந்தது. பிறீமேசன் எதிர்ப்புக் கட்சி 1831இற் போல்டிமோர் நகரில் மாநாடு கூட்டி, மறு ஆண்டுச் சனாதிபதித் தேர்தலுக்கு வில்லியம் வேர்ட் என்பவரை வேட்பாளராக்கியது. அவர் வெர்மொண்ட் மாநிலத்தின் ஏழு வாக்குகளைப் பெற்றார். இதற்கிடையில் நூற்றுக்கணக்கான லொட்ஜுகள் மூடப்பட்டன. மோர்கனுக்கு நேர்ந்ததை அறவே வெறுத்த எண்ணிறந்த நல்ல உறுப்பினரும் பழியைச் சுமந்தனர். மோர்கன் வெளியிட முனைந்த சடங்குகளோ, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே பிறிச்சாட்டின் நூலில் அச்சேறியவை போன்றனவே. உலகறிந்த இரகசியத்தைக் காப்பதற்காக ஒரு மனிதனின் வாழ்வு பறிபோயிற்று என்பதே இக்கதையின் துயரம்.

கீழைத்தேயங்களுக்கும் இச்சங்கம் ஐரோப்பியரோடு வந்தது. ஆர்க்காட்டு நவாபின் மகனான உம்தத்துல் உமரா, பதினெட்டாம் நூற்றாண்டின் எழுபதுகளிலே திருச்சிராப்பள்ளியில் பிறீமேசனாகச் சேர்க்கப்பட்டார். 1884இற் கல்கத்தாவில், பின்னாளில் விவேகானந்தராகப் புகழ்பெற்ற நரேந்திரநாதர் ஒரு லொட்ஜிற் சேர்ந்தார். ஆளுவோரும் ஆளப்படுவோரும் ஒரே மேசையில் அமரத்தக்க இடங்கள் மிக அரிதாயிருந்த அந்நாளில், லொட்ஜ் அத்தகைய ஓரிடமாயிற்று. எனினும், வெளியே நின்ற பொதுமக்களுக்கு இப்பெருமை தெரிந்திலது. வட இந்தியாவிற் பல ஊர்களில் லொட்ஜுக் கட்டடத்துக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஜாதூகர்', அதாவது மாயவித்தை வீடு என்பதாகும். சகோதரத்துவம் பேசிய மண்டபம், மூடிய கதவினாலே சூனியக்காரர் வீடெனப் பெயரெடுத்தது.

இதுவரை கூறியவற்றால் எல்லாவற்றையும் திறந்துவிடுவதே நன்று என ஒருவர் முடிவுசெய்யலாம். ஆயின், இருபதாம் நூற்றாண்டின் கொடுங்கோலாட்சிகள் இவ்வினாவின் மறுபக்கத்தைக் காட்டின. ஜெர்மனியில் நாட்சி ஆட்சி 1935ஆம் ஆண்டளவில் எஞ்சியிருந்த லொட்ஜுகளையும் கலைத்தது. ஸ்பெயினிற் பிராங்கோவின் ஆட்சி, 1940 மார்ச் மாதம் முதலாம் நாள் பிறீமேசன் சங்கத்தையும் பொதுவுடைமையையும் ஒடுக்குவதற்கென்றே சட்டம் இயற்றியது. பிரான்சில் விஷி அரசாங்கம் 1940இற் சங்கத்தைத் தடைசெய்து, மறு ஆண்டு அதன் நிருவாகிகளின் பெயர்களை அரச வர்த்தமானியிலே வெளியிட்டு, அவர்களை அரச பதவிகளிலிருந்து விலக்கியது. ஒருவர் தாமே தம் பெயரை வெளியிடுதல் வேறு. அரசு அதனைப் பட்டியலிட்டு வெளியிடுதல் வேறு. பின்னது, குற்றம் யாது எனக் கூறாமலே தண்டிக்கும் கருவியாகிவிடக் கூடும். இங்கிலாந்துப் பிறீமேசன்மார் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் முன்னிலும் அதிகமாக வாய்மூடி ஒதுங்கியமைக்கு, ஐரோப்பாவில் நிகழ்ந்த இவ்வொடுக்குமுறையையே காரணமாகக் கூறுவர்.

அவ்வாறு ஒதுங்கியிருந்த காலத்திலே இத்தாலியில் வெடித்த ஊழல் ஒன்று உலகின் கவனத்தை மீண்டும் மூடிய கதவின்மீது திருப்பியது. 1981 மார்ச் 17ஆம் நாள், லீச்சியோ ஜெல்லி என்பவருக்குரிய இடத்தைச் சோதனையிட்ட அதிகாரிகள், 'பி-2' எனப்பட்ட லொட்ஜின் பெயர்ப்பட்டியலைக் கண்டெடுத்தனர். அதில் இருந்த 962 பெயர்களில் அமைச்சர், பாராளுமன்ற உறுப்பினர், படைத்தளபதிகள், உளவுத்துறைத் தலைவர்கள், வங்கி முதல்வர்கள், பத்திரிகையாளர் எனப் பலர் இடம்பெற்றனர். அந்த லொட்ஜை இத்தாலியத் தலைமைச் சபை 1976இலேயே இடைநிறுத்தியிருந்தது. அதன் உறுப்பினர் யாவர் என்பது ஏனைய பிறீமேசன்மாருக்கும் தெரியாது. பட்டியல் வெளியானதும் போர்லானியின் அரசாங்கம் கவிழ்ந்தது. 1982 சனவரியில் இரகசியச் சங்கங்களைத் தடைசெய்யும் சட்டம் இயற்றப்பட்டது. இங்கே மறைக்கப்பட்டது சடங்கு அன்று, அதிகாரம். இவ்விரண்டுக்குமிடையே உள்ள வேறுபாடே இவ்வரலாறு முழுவதற்கும் திறவுகோலாகும்.

இங்கிலாந்திலும் 1980களின் முற்பகுதியிற் சங்கத்தைச் சாடும் நூல்கள் பெருவிற்பனையாயின. பொலிசாரும் நீதவான்மாரும் சங்கச் சகோதரருக்குச் சலுகை காட்டுகின்றனர் என்னும் பேச்சு பரவியது. நெடுங்காலமாக மறுமொழி கூறாதிருந்த தலைமைச் சபை, இம்முறை போக்கை மாற்றிக்கொண்டது. இலண்டன் கிரேற் குயீன் வீதியில், முதலாம் உலகப் போரில் உயிர்நீத்த உறுப்பினரின் நினைவாக 1927 தொடக்கம் 1933 வரை எழுப்பப்பட்ட தன் மண்டபத்தைப் பொதுமக்கள் பார்வையிட வழிசெய்தது. நூலகத்தையும் அரும்பொருட்காட்சியையும் திறந்துவிட்டது. சத்தியத்திலே சொல்லளவில் இருந்துவந்த கொடிய உடற்றண்டனைகள் 1986இல் நீக்கப்பட்டன. 1992இல் 275ஆம் ஆண்டு விழாவுக்குப் பத்திரிகையாளர் அழைக்கப்பட்டனர். 2018இல், தம்மைப் பற்றிய அவதூறு போதும் என முழுப்பக்க விளம்பரமும் பத்திரிகைகளில் வெளியாயிற்று. இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்னர் ஊர்வலத்தை நிறுத்திக்கொண்ட சபை, இப்போது மக்களை நோக்கித் தானே பேச முன்வந்தது.

ஆயினும், பொதுமக்கள் கேட்ட வினா மண்டபத்தைப் பற்றியதன்று, மனிதரைப் பற்றியது. 1997இற் பாராளுமன்றக் குழு ஒன்று, சங்கத்தைப் பற்றிய அச்சத்திற் பெரும்பகுதி மிகையானது என ஒப்புக்கொண்டபோதிலும், நீதித்துறையிலும் பொலிஸ் துறையிலும் உள்ள உறுப்பினர் தம் உறுப்புரிமையை வெளிப்படுத்தல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1998 முதல் புதிதாக நியமனம் பெறும் நீதிபதிகள் இதனை அறிவிக்கவேண்டியவராயினர். பின்னர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், இத்தாலியில் இத்தகைய விதிகள் சங்கஞ்சேரும் உரிமைக்கும் சமத்துவத்துக்கும் மாறானவை எனத் தீர்த்தது. அதனைத் தொடர்ந்து, சங்க உறுப்புரிமையால் நீதித்துறையில் முறைகேடு நிகழ்ந்தமைக்குச் சான்று இல்லை எனக் கண்ட பிரித்தானிய அரசாங்கம் 2009இல் அவ்விதியைக் கைவிட்டது. 2024 டிசெம்பரில் அதே ஐரோப்பிய நீதிமன்றம், குற்றக்கும்பல்களை ஆராய்ந்த இத்தாலியப் பாராளுமன்றக் குழு 2017இல் உறுப்பினர் பட்டியல்களைக் கைப்பற்றியதும் உரிமை மீறலே எனக் கூறியது. மறுபுறத்தில், 2025 டிசெம்பரில் இலண்டன் மாநகரப் பொலிஸ் தலைமை, தன் அலுவலர் இச்சங்கத்தில் உறுப்பினராயிருப்பின் அதனை அறிவித்தல் வேண்டும் என விதித்தது. வழக்கு ஓய்ந்தபாடில்லை.

இருபக்க நியாயங்களையும் ஆறுதலாக நிறுத்துப் பார்க்கும்போது, முரண்பாட்டிற் பெரும்பகுதி 'இரகசியம்' என்னும் ஒரு சொல் பலவற்றைக் குறிப்பதனாலேயே எழுகின்றது என்பது புலனாகும். சடங்கின் இரகசியம் ஒன்று. முதன்முறையாக அதனை அனுபவிப்பவனுக்கு அது புதுமையாயிருத்தல் வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதனை மறைத்தலால் அயலவருக்கு நட்டமில்லை. அச்சேறி மூன்று நூற்றாண்டுகள் ஆகியும் அதனால் உலகுக்குப் பெரும்பயன் விளைந்ததாகவும் தெரியவில்லை. உறுப்பினரின் பெயர் மற்றொன்று. தச்சனோ வணிகனோ ஓய்வுநேரத்தில் எவருடன் அமர்கின்றான் என வினவும் உரிமை அரசுக்கு இல்லை. அவ்வுரிமையைக் கொடுத்த நாடுகளின் கதி விஷி அரசின் வர்த்தமானியில் எழுதப்பட்டுள்ளது. மூன்றாவது, அதிகாரத்தின் இரகசியம். நீதிபதியின் ஆசனத்திலோ பொலிஸ் அலுவலரின் நாற்காலியிலோ அமர்ந்தவன், தன்முன் நிற்பவனோடு சத்தியத்தால் பிணைக்கப்பட்டவனா என அறிய வழக்காளிக்கு நியாயமான அக்கறை உண்டு. அவ்வாறு பிணைப்புள்ள வழக்கிலே அதனைக் கூறி விலகிநிற்றல், சங்கத்தை அவமதிப்பதாகாது. எவ்வித உறவுக்கும் பொருந்தும் நீதிமுறையே ஆகும். மைத்துனனின் வழக்கை விசாரிக்க மறுக்கும் நீதிபதி தன் குடும்பத்தை இழிவுபடுத்துவதில்லை.

இவ்வரலாறு சங்கத்துக்கும் ஓர் அறிவுரை கூறுகின்றது. மோர்கன் காலத்து லொட்ஜுகள், குற்றவாளிகளைத் தாமே முன்வந்து விலக்கி, உண்மையை வெளிப்படக் கூறியிருந்தால், மாசற்றோர் அத்துணை பழி சுமந்திருக்க மாட்டார். தானாக விரும்பிக் கூறும் உண்மை நம்பப்படும். கட்டாயத்தின் பேரிற் பிடுங்கப்படும் உண்மை மேலும் ஐயத்தையே வளர்க்கும். தன் கணக்கையும் அறச்செயல்களையும் விதிகளையும் வெளிப்படையாக வைத்திருக்கும் சங்கம், தன் சடங்கை மட்டும் தனக்கென வைத்துக்கொள்வதை நேர்மையானவர் எவரும் குறைகூறார்.

இன்று கிரேற் குயீன் வீதி மண்டபத்திலே அரும்பொருட்காட்சியைக் காண எவரும் உட்புகலாம். அதே கட்டடத்தில் லொட்ஜ் கூடும்போதோ, பழைய முறைப்படி வாளேந்திய காவலன் ஒருவன் அறைவாயிலில் நிற்கின்றான். தெருக்கதவு திறந்திருக்கும் வரை, உட்கதவின் முன் நிற்கும் அக்காவலனைக் கண்டு ஊரார் அஞ்சவேண்டியதில்லை.